கணக்குக் கேட்பது பாவமா?



நான் முதன்முதலாகப் பங்குத்தந்தையாகப் பொறுப்பேற்ற ஊரில், முதல் திருவிழா முடிந்து மூன்றாம் வாரம் நடந்தது இது. ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாய் அருகில் வந்தார். வணக்கம் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, "சாமி, திருவிழாக் கணக்கை எப்ப வாசிப்பீங்க?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. பத்து நாட்கள் தூக்கமில்லாமல் உழைத்திருக்கிறேன், என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா என்று நினைத்தேன். "ஏம்மா, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் அசரவில்லை. "நம்பிக்கை இருக்கு சாமி. அதனாலதான் உங்ககிட்டயே கேக்குறேன். நம்பிக்கை இல்லாதவங்க டீக்கடையில நின்னு பேசுறாங்க" என்றார்.

அந்த வாரம் கணக்கை எழுத உட்கார்ந்தேன். ஒலி ஒளி அமைத்தவருக்குக் கொடுத்த பணம் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருந்தது. யாரும் திருடவில்லை, அவசரத்தில் நேர்ந்த பிழை. ஆனால் அந்தத் தாய் கேட்டிராவிட்டால் அந்தப் பிழை அப்படியே நின்றிருக்கும். அடுத்த ஞாயிறு கணக்கை வாசித்தேன். பிழையையும் சொன்னேன். அன்றிலிருந்து ஓர் உண்மை என் மனதில் பதிந்தது: கேள்வி கேட்பவர் பகைவர் அல்ல. கேள்வியே கேட்காமல் முதுகுக்குப் பின்னால் பேசுவதுதான் பகை.

கோவிலுக்குப் பொருந்தும் இந்த உண்மை, நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஊராட்சி உறுப்பினர் முதல் நாடாளுமன்ற உறுப்பினர் வரை எல்லாருக்கும் பொருந்தும். "அரசியல் நமக்கெதற்கு? ஜெபித்தால் போதாதா?" என்று கேட்கும் நல்லவர்கள் நம் பங்குகளில் பலர் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இரண்டு சொற்கள்

வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை என்ற இரண்டு சொற்களைச் செய்தித்தாள்களில் அடிக்கடி பார்க்கிறோம். முதலாவது, மறைக்காமல் இருப்பது: பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது, முடிவை யார் எடுத்தார் என்பதை மக்கள் பார்க்கும்படி வைப்பது. இரண்டாவது, கேட்டால் பதில் சொல்வது: செய்ததற்கும் செய்யத் தவறியதற்கும் மக்கள் முன் நின்று விளக்கம் தருவது, தவறென்றால் அதன் விளைவை ஏற்பது. கணக்குப் பலகையைச் சுவரில் மாட்டிவிட்டுக் கேள்வி கேட்பவரை விரட்டினால் முதலாவது மட்டும்தான் இருக்கிறது. வாய் நிறையப் பதில் சொல்லிவிட்டுக் கணக்கைக் காட்ட மறுத்தால் இரண்டாவது வெறும் பேச்சாகிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஆட்சி நேர்மையாக இருக்கும்.

திருவிவிலியம் காட்டும் வழி

சாமுவேலை எண்ணிப் பாருங்கள். முதுமையில், சவுலை அரசராக ஏற்படுத்திய பின், கில்காலில் மக்கள் அனைவர் முன்பும் எழுந்து நிற்கிறார். நான் யாருடைய மாட்டை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யாரை ஒடுக்கினேன், யாரிடம் கையூட்டு வாங்கினேன் என்று தாமாகவே கேட்கிறார். அப்படி ஏதாவது இருந்தால் திருப்பித் தருவதாகவும் சொல்கிறார் (1 சாமுவேல் 12:1-5). அவரிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. இறைவாக்கினர், நீதித் தலைவர், மக்கள் போற்றிய பெரியவர். ஆனாலும் பொறுப்பை விட்டு விலகும்போது மக்கள் முன் நின்று கணக்கு ஒப்படைப்பது தம் கடமை என்று அவர் அறிந்திருந்தார்.

இந்த நிகழ்ச்சிக்குப் பின்னால் ஒரு வேதனையும் இருக்கிறது. சாமுவேலின் மகன்கள் இருவரும் நீதித் தலைவர்களாக இருந்து கையூட்டு வாங்கினார்கள் (1 சாமுவேல் 8:1-3). அதனால்தான் மக்கள் அரசன் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒருவர் தனிப்பட்ட முறையில் நேர்மையாளராக இருந்தால் மட்டும் போதாது, அவர் பெயரால் பொறுப்பில் இருப்பவர்களும் கணக்குக்கு உட்பட வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

விடுதலைப் பயண நூலின் 38-ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துபோகிறோம். திருஉறைவிடப் பணிக்கு வந்த பொன் 29 தாலந்து 730 செக்கேல். வெள்ளி 100 தாலந்து 1,775 செக்கேல். வெண்கலம் 70 தாலந்து 2,400 செக்கேல். வெள்ளியும் வெண்கலமும் எந்தெந்தப் பகுதிக்குச் செலவாயின என்பதும் எழுதப்பட்டுள்ளது. இறைவார்த்தையின் நடுவே ஒரு வரவு செலவுக் கணக்கு! மோசேயின் கட்டளைப்படி, ஆரோனின் மகன் இத்தாமரின் பொறுப்பில் எழுதப்பட்ட கணக்கு அது. கடவுளோடு பேசியவர் என்பதற்காக மோசே கணக்கிலிருந்து தமக்கு விலக்குக் கேட்கவில்லை.

யோவாசு அரசர் காலத்து நிகழ்ச்சி குருக்களாகிய எங்களுக்கு ஒரு பாடம். கோவிலைப் பழுதுபார்க்கப் பணம் குருக்களிடம் வந்துகொண்டிருந்தது. ஆனால் அரசரின் இருபத்து மூன்றாம் ஆட்சியாண்டு வரை பழுது பார்க்கப்படவில்லை. பிறகு மூடியில் துளையிட்ட ஒரு பெட்டி வைக்கப்பட்டது. பெட்டி நிறைந்ததும் அரசரின் செயலரும் தலைமைக் குருவும் சேர்ந்து எண்ணினார்கள் (2 அரசர்கள் 12). பணத்தை ஒருவர் மட்டும் தனியாக எண்ணக் கூடாது என்ற ஏற்பாடு அவ்வளவு பழமையானது.

எருசலேமில் இருந்த ஏழை இறைமக்களுக்காகப் பணம் திரட்டிய பவுலடியார், அதைத் தனியே கொண்டுபோகாமல் தீத்துவோடு, சபைகளால் நியமிக்கப்பட்ட ஒரு சகோதரரையும் சேர்த்தார். ஆண்டவர் முன்னிலையில் நேர்மையாய் இருந்தால் போதாது, மனிதர் முன்னிலையிலும் நேர்மை தெரிய வேண்டும் என்பது அவர் கருத்து (2 கொரிந்தியர் 8:18-21). "கடவுளுக்குத் தெரியும்" என்று சொல்லிக் கேள்வியைத் தட்டிக்கழிப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஆண்டவரோடு நடந்த பன்னிருவரின் பணப்பை யூதாசிடம் இருந்தது. அவன் அதிலிருந்து எடுத்துவந்தான் என்று யோவான் எழுதுகிறார் (யோவான் 12:6). இயேசுவுக்கு அவ்வளவு அருகில் இருந்தவருக்கே பணப்பை சோதனையாக இருந்ததென்றால், நம் ஊர்த் தலைவருக்கும் நம் சட்டமன்ற உறுப்பினருக்கும் அது சோதனையாக இராதா?

திருச்சபை என்ன சொல்கிறது?

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' ஏடு (1965), பொதுநலனை வளர்க்கும் வகையில் வாக்களிப்பது குடிமக்களின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்று நினைவூட்டுகிறது (எண் 75). திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991-இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில், திருச்சபை மக்களாட்சியை மதிப்பதற்கான காரணங்களைச் சொல்கிறார். மக்கள் அரசியல் முடிவுகளில் பங்கேற்க முடிகிறது. ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கவும், அவர்களிடம் கணக்குக் கேட்கவும், தேவைப்பட்டால் அமைதியான வழியில் மாற்றவும் முடிகிறது என்பவையே அவை (எண் 46). கணக்குக் கேட்க முடியாத மக்களாட்சி பாதி மக்களாட்சிதான் என்று இதிலிருந்து நாம் புரிந்துகொள்ளலாம்.

2004-இல் வெளிவந்த திருச்சபையின் சமூகப் போதனைத் தொகுப்பு, மக்களாட்சியைச் சிதைக்கும் குறைகளில் மிகக் கடுமையானவற்றுள் ஒன்றாக அரசியல் ஊழலைக் குறிப்பிடுகிறது (எண் 411). ஊழல் ஒரே நேரத்தில் ஒழுக்கநெறியையும் சமூக நீதியையும் காட்டிக்கொடுக்கிறது. பத்து மூட்டை சிமெண்ட் போட வேண்டிய இடத்தில் ஆறு மூட்டை போட்டால், அந்த நான்கு மூட்டை ஏழையிடமிருந்து பறிக்கப்பட்டது. ஏழாம் கட்டளை அங்கேயும் மீறப்படுகிறது.

நம் மண்ணிலும் இருந்த வழக்கம்

கணக்குக் கேட்பது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று எண்ண வேண்டாம். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து, ஏறத்தாழ கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதிகள் அவற்றில் இருக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர்கள் என்பது அந்த விதிகளில் ஒன்று. அந்தச் சபையில் நிலமும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. உழைக்கும் மக்களுக்கும் பெண்களுக்கும் அங்கே குரல் இல்லை. அன்று சிலருக்கு மட்டும் இருந்த உரிமை இன்று வாக்காளர் அனைவருக்கும் இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

சட்டம் நமக்குத் தந்திருக்கும் கருவிகள்

முதலாவது, வேட்பாளரின் பிரமாணப் பத்திரம். ஒருவர் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ வேட்புமனு தாக்கல் செய்யும்போது, தம்மீதுள்ள குற்ற வழக்குகள், தம்முடைய, தம் மனைவி அல்லது கணவருடைய, தம்மைச் சார்ந்தவர்களுடைய சொத்து, கடன், தம் கல்வித் தகுதி ஆகியவற்றை உறுதிமொழியோடு எழுதித் தர வேண்டும். இதை நமக்குப் பெற்றுத் தந்தது ஒரு வழக்கு. 1999-இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் சிலர் தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் நீதிமன்றம் சென்றது. 2002 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வேட்பாளரைப் பற்றி அறிவது வாக்காளரின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பைத் தளர்த்தும் வகையில் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட பிரிவையும் 2003 மார்ச்சில் அதே நீதிமன்றம் செல்லாததாக்கியது. பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்று 2013-இல் தீர்ப்பு வந்தது. வருமானம் எந்த வழியில் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும் என்று 2018-இல் தீர்ப்பு வந்தது. குற்ற வழக்கு உள்ளவரை ஒரு கட்சி நிறுத்தினால், ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தோம் என்ற காரணத்தை வெளியிட வேண்டும் என்று 2020-இல் உத்தரவு வந்தது. இந்தப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். நம்மில் எத்தனை பேர் வாக்களிக்கும் முன் அதைப் பார்த்திருக்கிறோம்? மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்! ஐந்து ஆண்டுகள் நம்மை ஆளப்போகிறவரைப் பற்றி ஒருவரிடமாவது விசாரிக்கிறோமா?

கட்சிகளுக்குப் பணம் தருபவர் யார் என்பதும் வாக்காளர் அறிய வேண்டிய செய்தியே. 2018-இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டம் கொடுப்பவரின் பெயரை மக்களிடமிருந்து மறைத்தது. 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஒருமனதாக ரத்து செய்தது.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதன் வேர் ஏழைகளின் போராட்டத்தில் இருக்கிறது. ராஜஸ்தானில் 1990-இல் தொடங்கப்பட்ட 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற உழைப்பாளர் அமைப்பு, அரசு வேலைகளுக்குக் கூலி சரியாகக் கிடைக்காததைக் கண்டு, கூலிப் பட்டியல்களைக் கேட்டது. 1994 டிசம்பரில் தொடங்கி ஊர் ஊராகப் பொது விசாரணைக் கூட்டங்களை நடத்தியது. ஏட்டில் இருந்ததை மக்கள் முன் உரக்க வாசித்தார்கள். வேலை செய்யாதவர்கள் பெயரிலும், இறந்துபோனவர்கள் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் எழுத்தில் இருந்த பொய்யைக் கண்டுபிடித்தார்கள்! தமிழகம் 1997-இலேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இதைப் பயன்படுத்துவது கடினமல்ல. ஒரு வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உரிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 'ஏன் கேட்கிறாய்?' என்று அவர் உங்களைக் கேட்க முடியாது. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடு, பிறகு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். ஓர் அறிவுரை: கருத்தைக் கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். 'ரோடு ஏன் மோசமாக இருக்கிறது?' என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சாலைப் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம், பணம் வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று கேட்டால் பதில் வந்தாக வேண்டும்.

நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றியும் இப்படிக் கேட்கலாம். 1993-இல் தொடங்கிய இத்திட்டத்தில் ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்று 2011-இல் உயர்த்தப்பட்டது. பணம் உறுப்பினர் கையில் தரப்படுவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைக்கிறார். மாவட்ட நிர்வாகம் நிறைவேற்றுகிறது. எனவே கேள்வியை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த நிதியை வழிபாட்டுத் தலங்களுக்குள் செலவிட விதிகள் அனுமதிப்பதில்லை. 'எம்.பி. நிதியில் நம் கோவிலுக்கு ஏதாவது செய்து தரச் சொல்லுங்கள் சாமி' என்று கேட்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். விதியை மீறி நமக்குச் செய்யச் சொல்லிவிட்டு, விதியை மீறினார் என்று பிறகு அவரைக் குறைசொல்ல நமக்கு என்ன தகுதி?

மூன்றாவது, கிராம சபை. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். முன்பு ஆண்டுக்கு நான்கு நாட்கள், அதாவது ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் அது கூடும். 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டு ஆறு கூட்டங்கள் ஆயின. ஊராட்சியின் வரவு செலவு அங்கே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர்; அப்போதும் கிராம சபையின் உறுப்பினர் மக்கள்தான். ஆகஸ்ட் 15 நமக்கு விண்ணேற்பு அன்னையின் பெருவிழாவும்கூட. காலையில் திருப்பலி, கொடியேற்றம், இனிப்பு. பிறகு வீட்டுக்குப் போய்விடுகிறோம். கிராம சபைக்கு வேலையற்றவர்கள்தான் போவார்கள் என்று நினைக்கிறோம். கூட்டம் கூடாத இடத்தில் கையெழுத்துப் புத்தகம் மட்டும் வீடு வீடாக வருகிறது. படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்.

நாம் ஏன் கேட்பதில்லை?

இங்கே நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேறொரு பங்கில் நான் இருந்தபோது, ஊருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் இடையே ஒரு சாலை போடப்பட்டதாகப் பேச்சு வந்தது. பணம் கொடுத்தாயிற்று, சாலையைக் காணோம் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மழைக்காலத்தில் சவப்பெட்டியை முழங்கால் சேற்றில் சுமந்து போனோம். அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை. ஒருநாள் அன்பியக் கூட்டத்தில், "ஏன் யாரும் போய்க் கேட்கவில்லை?" என்றேன். சற்று நேரம் அமைதி. பிறகு ஒரு பெரியவர், "எப்படிச் சாமி கேக்குறது? எலெக்‌ஷன்ல எல்லாரும் வாங்கியிருக்கோமே" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் அதே தலைவர் கோவிலுக்குப் புதிய ஒலிபெருக்கி வாங்கித் தந்திருந்தார். நானும் பலிபீடத்தில் நின்று அவருக்கு நன்றி சொல்லியிருந்தேன். அவர் தவறு செய்தார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கணக்குச் சரியாகவே இருந்திருக்கலாம். நான் கேட்கவே இல்லை என்பதுதான் என் குற்றம். மக்கள் சில நூறு ரூபாய்க்கு வாயைக் கட்டிக்கொண்டார்கள். நான் ஒரு ஒலிபெருக்கிக்கு வாயைக் கட்டிக்கொண்டேன். அன்பளிப்பு அறிவாளியின் கண்ணையும் மறைக்கும் என்று மோசே எச்சரித்திருப்பதை (இணைச்சட்டம் 16:19) அன்றுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

வாக்குக்குப் பணம் வாங்குவதன் உண்மையான கேடு இதுதான். 'எல்லாரும் வாங்குகிறார்கள், நம் பணம்தானே திரும்பி வருகிறது' என்கிறோம். நாம் விற்பது வாக்கை மட்டும் அல்ல. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குக் கேள்வி கேட்கும் உரிமையையும் சேர்த்து விற்கிறோம். பணம் கொடுத்தவர் நம்மை வேலைக்கு வைத்த முதலாளியாகப் பார்ப்பதில்லை, விலை கொடுத்து வாங்கிய பொருளாகப் பார்க்கிறார். பொருள் கேள்வி கேட்குமா? பணப் பட்டுவாடா காரணமாக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2017-இல் ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் வாக்குப்பதிவைத் தேர்தல் ஆணையம் நிறுத்த வேண்டியிருந்தது. கொடுத்தவர்கள் மட்டும் இதற்குப் பொறுப்பல்ல.

பயமும் ஒரு காரணம். அதை நான் எளிதாக ஒதுக்கிவிடமாட்டேன். தகவல் கேட்டதற்காகத் தாக்கப்பட்டவர்களும் உயிரிழந்தவர்களும் நம் நாட்டில் உண்டு. சான்றிதழ், ஓய்வூதியம், குடும்ப அட்டை என்று எதற்கெடுத்தாலும் அந்த அலுவலகத்துக்கே போய் நிற்க வேண்டிய ஏழைக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். அதனால்தான் தனியாகக் கேட்காதீர்கள், சேர்ந்து கேளுங்கள் என்கிறேன். ஒரு விதவையைத் தனியே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு நாம் பங்குப்பேரவையில் நீதியைப் பற்றிப் பேசுவது சரியல்ல.

முதலில் நம் வீடு

ஊராட்சியிடம் கணக்குக் கேட்கப் போகும் முன், நம் கோவில் கணக்கு எங்கே என்று பிறர் கேட்டால் காட்ட முடியுமா? 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது (எண் 537). சொத்துகளை நிர்வகிப்பவர்கள் வரவு செலவு ஏடுகளை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் கணக்கறிக்கை தயாரிக்க வேண்டும் (எண் 1284). இறைமக்கள் கொடுத்த காணிக்கைகளைப் பற்றி இறைமக்களுக்கே கணக்குக் கொடுக்க வேண்டும் (எண் 1287). இவை அறிவுரைகள் அல்ல, சட்டங்கள். கணக்குக் கேட்ட பங்கு மக்களை முகம் சுளித்து அனுப்பும் குருவும், கேள்வி கேட்ட வாக்காளரை விரட்டும் அரசியல்வாதியும் ஒரே நோயால் அவதிப்படுகிறவர்கள். அந்த நோய் எனக்கு இருந்தது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

பங்குக் கணக்கு கோவில் பலகையில் ஒட்டப்பட்டு, அதைப் படித்துக் கேள்வி கேட்டு வளரும் இளைஞர்கள், நாளை கிராம சபையிலும் பயமின்றி எழுந்து நிற்பார்கள். குடியுரிமைப் பயிற்சிக்குப் பங்கைவிட நல்ல பள்ளி ஏது?

எப்படிக் கேட்பது?

கணக்குக் கேட்பதிலும் ஓர் அறநெறி உண்டு. ஆதாரம் இல்லாமல் ஒருவரைத் திருடர் என்று அழைப்பது எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவம். கேள்வி கேட்பது வேறு, பழி சுமத்துவது வேறு. நமக்குப் பிடிக்காத கட்சிக்காரரிடம் மட்டும் கணக்குக் கேட்டு, நம் கட்சிக்காரரை விட்டுவிடுவது நீதி அல்ல. நம் சாதிக்காரர், நம் மதத்தவர் என்பதற்காகக் கண்டும் காணாமல் இருப்பதும் அப்படியே. சாலையும் குடிநீரும் எல்லாருக்கும் பொது. ஆகவே இந்து, இஸ்லாமிய சகோதரர்களோடு சேர்ந்தே கேட்க வேண்டும். கோவில் மேடை எந்தக் கட்சிக்கும் மேடையாகக் கூடாது. நன்றாகச் செய்தவரை மனதாரப் பாராட்டவும் வேண்டும். நேர்மையாக உழைத்து, கணக்கை ஒழுங்காக வைத்து, யாரும் கவனிக்காததால் மனம் சோர்ந்த உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் கேள்வி ஒரு துணை.

ஒவ்வொரு அன்பியமும் மூன்று காரியங்களைச் செய்யலாம். அடுத்த கிராம சபைக்கோ நகர்ப்புறமானால் பகுதி சபைக்கோ குடும்பத்துக்கு ஒருவராவது போகலாம். அடுத்த தேர்தலில் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைப் பெற்று, கருத்து எதுவும் சேர்க்காமல், அன்பியக் கூட்டத்தில் உரக்க வாசிக்கலாம். வாக்குக்குப் பணம் வாங்குவதில்லை என்று குடும்பமாக முடிவெடுத்து, அதைப் பிள்ளைகள் அறியச் சொல்லலாம். பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால், பிறகு வாங்கக் கை நீளாது.

பொறுப்பாளரைப் பற்றிய உவமையில், தலைவர் அவரை அழைத்துக் கணக்கை ஒப்படைக்கச் சொல்கிறார் (லூக்கா 16:1-2). அந்த அழைப்பு ஒருநாள் நம் ஒவ்வொருவருக்கும் வரும். ஆள்வோரிடம் ஆண்டவர் அதிகாரத்தைப் பற்றிக் கேட்பார். நம்மிடம் நம் வாக்கைப் பற்றியும், நம் மௌனத்தைப் பற்றியும் கேட்பார்.

முதலில் சொன்ன அந்தத் தாய் இன்று உயிரோடு இல்லை. அவர் அடக்கத் திருப்பலியில் நான் மறையுரை ஆற்றியபோது, அவர் கேட்ட கேள்வியைச் சொன்னேன். மக்கள் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். நம் ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வோர் ஊராட்சியிலும் அப்படி ஒரு தாயையாவது ஆண்டவர் எழுப்புவாராக. அவர் கேட்கும்போது கோபப்படாமல் பதில் சொல்லும் மனத்தை, பொறுப்பில் இருக்கும் நம் அனைவருக்கும் தருவாராக. ஆமென்.